காணாமல் போன அண்டா

"அண்டா எங்கேய்யா?" நீதிபதி கேட்டார்.

ஏட்டு தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "சாட்சிப் பொருள் அறையிலதான் வெச்சிருந்தேங்கய்யா. இப்பக் காணோம்."

"காணோமா? அது என்ன மூக்குத்தியா, உருண்டு கட்டிலுக்கு அடியில போறதுக்கு? தூக்க ரெண்டு ஆள் வேணுமே!"

கோர்ட்டே சிரித்தது. கூண்டில் நின்ற சாராயக்காரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

கள்ளச் சாராய வழக்கு. போலீஸைப் பார்த்ததும் அவன் சரக்கையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்துவிட்டான். மிஞ்சியது காய்ச்சிய அண்டாவும் அதிலிருந்த நாற்றமும்தான். சோதனைக்குப் போனால் அண்டாவை அங்கேயே கடப்பாரையால் குத்திப் பொத்தல் போட்டுவிட்டு வருவது ஸ்டேஷன் வழக்கம். அன்றைக்கு ஏட்டுதான், "வேண்டாம், முழுசா இருக்கட்டும். அப்பதான் சாட்சி வலுவா நிக்கும்" என்று பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"வலுவான சாட்சி, எழுந்து நடந்தே போயிடுச்சோ?" அரசு வக்கீல் பல்லைக் கடித்தார்.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் கூடுவோம். அதுக்குள்ள அண்டா வரலைன்னா அவனை விட்டுடுவேன். உங்களை விடமாட்டேன்."

கோர்ட்டுக்குப் பின்னாலேயே ஸ்டேஷன். ஏட்டு ஏற்பாடு செய்த சமையல்காரம்மா ஒருத்தி கொஞ்ச நாளாக அங்கே சமைக்கிறாள். வாசம் சுவர் தாண்டிப் போனதில், இப்போது நீதிபதிக்கும் அங்கிருந்துதான் கேரியர்.

அன்றைக்கு ஏட்டே கேரியரைத் தூக்கிக்கொண்டு போனார்.

நீதிபதி விரலை நக்காத குறை. "ஒரு அண்டாவைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. சமையலுக்கு மட்டும் நல்ல ஆளாப் பிடிச்சுட்டு வந்திருக்கீரு!"

"ஆமாங்கய்யா" என்றார் ஏட்டு, பவ்யமாக.

மத்தியானம் தீர்ப்பு. சாட்சியம் இல்லை, விடுதலை. ஏட்டுக்கு வரவிருந்த பதவி உயர்வும் அத்தோடு போயிற்று.

"மத்தவன் சரக்கைத்தான் குடிப்பான். நம்ம ஏட்டய்யா அண்டாவையே முழுங்கிட்டார்!" ஸ்டேஷனில் ஒரே கிண்டல்.

அவர் கொல்லைப்புறம் போனார்.

சமையல்காரம்மா பெரிய அண்டாவைச் சாய்த்துப் போட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த தேய்ப்பில் பழைய கரியெல்லாம் போய், பெற்றவனுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மின்னியது. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன். காலையில் கூண்டில் நின்றவன்.

"தேய்ச்சுத் தேய்ச்சு நாத்தம் சுத்தமாப் போயிடுச்சுண்ணே" என்றாள்.

ஏட்டு அவனைக் கண்ணால் காட்டினார். "இதுக்கு?"

"இதுக்கும் போயிடுச்சு. ஜாமீன்ல வந்ததுல இருந்து வெங்காயத்துக்கு மட்டும்தான் கண்ணு கலங்குது."

அவன் எழுந்து கும்பிட்டான். "என்னால உங்களுக்குத்தாண்ணே கெட்ட பேரு. ஆனா எவனோ போன் போட்டு என்னைக் காட்டிக் கொடுத்தான் பாருங்க, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"கிடைக்கும்போது பார்த்துக்கலாம். நீ வெங்காயத்தை உரி" என்றாள் அவள், தலை நிமிராமல்.

ஏட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அன்றைக்கு அந்தப் போனை எடுத்ததே அவர்தான். கிசுகிசுத்த அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது:

"சீக்கிரம் வாங்கண்ணே, அடுப்புல ஏத்திட்டார். ஆளை வேணா நல்லா மிரட்டுங்க. அண்டாவை மட்டும் பொத்தல் போட்டுடாதீங்க. அதுல நாலு பேருக்குச் சமைச்சாவது இந்த மனுஷனை மீட்டுடுவேன்!"