வராத கோடு

டீ கிளாசும் கையுமாக, கீழே லைனில் தைக்கும் முத்துச்செல்வி மறுபடியும் மாடியேறி வந்து நின்றாள். சசிரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடி, டூட்டி நேரத்துல சும்மா சும்மா வந்துகினு கீற?"

"நான் என்னக்கா செய்ய? லைன் நின்னு போச்சு. டிவியில எல்லா மெஷினுக்கும் சிவப்பு காட்டுது."

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை அது. லைன் டிவியில் ஓடும் வலைப்பக்கத்தில் மெஷினுக்கு ஒரு கட்டம் இருக்கும். சிவப்பைப் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதி, டிவியின் பிரவுசரில் தன் லாகினையே போட்டு ஓடவிட்டவள் வெப் டெவலப்பர் சசிரேகாதான்.

"என் டிவியில கோளாறு ஒண்ணும் இல்ல. போய் மெஷின பாக்கச் சொல்லு."

அவளுக்கு வேறு தலைவலி. புதிதாக எழுதும் பக்கத்தில் கட்டங்கள் கோணலாக நின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிக் கோடு போட்டுக் காட்டும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை மதியம்தான் பிரவுசரில் சேர்த்திருந்தாள். பக்கத்தை இன்காக்னிட்டோ என்ற மறைவு விண்டோவில் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை முறை ஆன் செய்தாலும் ஒரு கோடு கூட வரவில்லை.

வெறுத்துப்போய் ஆஃப் செய்தாள். கீழே லைன் ஓடத் தொடங்கும் மணி அடித்தது. முத்துச்செல்வி பாதி டீயை வைத்துவிட்டு ஓடினாள்.

லைன் ஓடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படப்பையில் சசிரேகாவின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். மொத்த லைனையும் அழைத்து, சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. இன்றைய டார்கெட் முடியாவிட்டால் ஞாயிறும் டூட்டி என்று சூப்பர்வைசர் நாகப்பன் சொல்லிவிட்டார்.

சசிரேகா எக்ஸ்டென்ஷனை நீக்கினாள், திரும்பச் சேர்த்தாள், ஆன் செய்தாள். கோடு வரவில்லை. முத்துச்செல்விதான் வந்தாள்.

"மறுபடியும் நின்னுட்டுக்கா. மெயின்டனன்ஸ்காரவுக எல்லா மெஷினையும் பாத்துட்டாவ. ஒரு கோளாறும் இல்லையாம்."

சசிரேகா பொங்கிவிட்டாள். "லைன நிறுத்துற ஆளு யாருன்னு மட்டும் தெரியட்டும்! ஞாயித்துக்கெயம அந்த ஆளு மட்டும் தனியா வந்து டூட்டி பாக்கட்டும். நாம ஜாலியா பால் காய்ச்சலாம்."

"கோவப்படாதீயக்கா. ஒங்களுக்கு என்ன பிரச்சின?"

"இத பாரு, இந்த மாதிரி வரணும். என் லேப்டாப்புல வரவே மாட்டேங்குது." எக்ஸ்டென்ஷனுடைய மாதிரிப் படத்தைக் காட்டினாள். ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் பளிச்சென்று சிவப்புக் கோடு.

முத்துச்செல்வி படத்தைப் பார்த்தாள். சசிரேகாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது மத்தியானத்துலேருந்து எங்க டிவிக்குல்லாக்கா வருது! அங்கயும் ஒங்க லாகின்தான?"

ஒரே லாகின் போட்ட பிரவுசர்களுக்கெல்லாம் எக்ஸ்டென்ஷன் தானாகப் போய்விடும், இன்காக்னிட்டோவில் மட்டும் வேலை செய்யாது என்பது சசிரேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் விரல் தானாகப் போய் ஆஃபை அழுத்தியது. கீழே மணி அடித்தது.

படியிறங்கப் போன முத்துச்செல்வி திரும்பி நின்றாள்.

"ஞாயித்துக்கிழம நீங்க டூட்டிக்கு வாங்கக்கா, பால நாங்க காய்ச்சிக்கிடுதோம்!"