ஒரு கோல் தூரம்

“தள்ளி நில்லுங்க சார். இவ்ளோ கிட்டத்துல வந்து நின்னா எப்படி?”

தலையைத் தூக்காமலே சொன்னார் கோதண்டபாணி. பில்லியர்ட்ஸ் மேஜை மேல் குனிந்து, பந்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டு டாக்டர் சவுரிராயனுக்குச் சுருக்கென்றது. விழுப்புரத்துக்கு மாற்றலாகி வந்து, கிளப்பில் மெம்பராகி, முதல் நாள் சாயந்தரம் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் இந்த வரவேற்பு.

“ஒரு கோல் தூரமாவது விட்டு நில்லுங்க. அந்த டேபிள் காலியாத்தானே இருக்குது, அங்க போங்களேன்.”

டாக்டர் பிறந்தது அனந்தபுரம் சேரியில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மதராஸில் மாட்டு வைத்தியம் படித்துத் தேறி, கழுத்தில் டை கட்டுகிற அளவுக்கு வந்தாயிற்று. ஆனால் ‘தள்ளி நில்லு’ என்கிற பேச்சு மட்டும் ஊர் ஊராகக் கூடவே வந்துகொண்டிருந்தது. கிளப்பில் கொஞ்சம் ‘சார்’ சேர்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று அவர் யோசித்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. வக்கீல் சக்கரபாணி, கிளப்பின் செக்ரட்டரி. கதர் ஜிப்பா, வாய் நிறையச் சிரிப்பு.

“அவர் கெடக்கறார் டாக்டர். வாங்க, நாம ரெண்டு பேரும் ஆடுவோம்.”

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் சுவரோர மேஜையில் இருவரும் ஒரு ஆட்டம் போட்டார்கள். கோலை எப்படிப் பிடிப்பது என்று வக்கீலே டாக்டரின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். நன்றாக அடித்தால் முதுகில் தட்டினார். நடுநடுவே, ஆலயப் பிரவேசம் பற்றித் திண்டிவனத்தில் தாம் பேசிய பேச்சையும் எடுத்துவிடுவார். நல்ல பேச்சுதான். கூட்டத்தில் வெகுநேரம் கைதட்டினார்களாம்.

டாக்டருக்கு மனசு நிறைந்து போயிற்று. தம்மை மனுஷனாக மதிக்கவும் இந்த ஊரில் ஒருத்தர் இருக்கிறார் என்று மனைவி ஜெயம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

கோதண்டபாணியோ ஜன்னலோர மேஜையில் எப்போதும் தனியாகத்தான் ஆடுவார். தாலுகா ஆபீசில் சிரஸ்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. பொழுது சாய்ந்தால் அந்த மேஜைதான் அவருக்கு வீடு, வாசல் எல்லாம். பழைய மெம்பர்கள் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. ஏன் என்று டாக்டர் விசாரித்ததும் இல்லை. அந்த வளைந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் வக்கீல் விஷயத்தை எடுத்தார். இதைச் சும்மா விடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பொதுக்கூட்டம் இருக்கிறது, கிளப்புக்கு வந்த முதல் நாள் கிழவர் சொன்னதை டாக்டர் அங்கே எழுந்து சொல்ல வேண்டும் என்றார். கிழவரைக் கிளப்பை விட்டே நீக்கிவிடலாம், மற்றவர்கள் ஓட்டுக்குத் தாம் பொறுப்பு என்றார்.

“ஒருத்தரை வெளியே அனுப்பினாத்தான் மத்தவங்களுக்குப் புத்தி வரும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

டாக்டர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஜெயம்மாள்தான் கேட்டாள், அந்த மேஜையும் இல்லையென்றால் அந்தப் பெரியவர் எங்கே போவார் என்று.

“என்னைத் தள்ளி நிக்கச் சொன்னப்போ, இவன் எங்க போவான்னு அவரு யோசிச்சாரா?” என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

ஞாயிறு காலை. கூட்டத்துக்குத் தலைமை வகிக்கத் திண்டிவனத்திலிருந்து சப் கலெக்டர் துரை வந்திருந்தார். வெள்ளைக்காரர். தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். ஆரம்பிக்க இன்னும் நேரமிருந்ததால் பில்லியர்ட்ஸ் அறைக்குள் நுழைந்தார். மெம்பர்களில் பாதிப் பேர் பின்னாலேயே போனார்கள். டாக்டரும் போனார்.

ஜன்னலோரம் கோதண்டபாணி குனிந்திருந்தார். துரை ஆசையாகப் போய் அவருடைய முழங்கையை ஒட்டி நின்றார்.

“தள்ளி நில்லுங்க சார். கோலை இழுத்து அடிக்க எடம் வேணாமா? ஒவ்வொருத்தருக்கும் இதையே சொல்லிக்கினு இருக்கணுமா?”

துரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கோதண்டபாணி பந்தை அடித்து, அது குழியில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து, வந்தவர் யார் என்றே பார்த்தார். பார்த்த பிறகும் அடுத்த பந்துக்குக் குனிந்துவிட்டார்.

“பயந்துட்டீங்களா டாக்டர்?” என்று மெல்லச் சிரித்தார் பக்கத்தில் நின்ற போஸ்ட் மாஸ்டர் கண்ணையன். “எங்க எல்லாருக்கும் மொத நாளு இதே பூசைதான். அதனாலதான் ஒருத்தரும் அவர்கிட்ட போறதில்ல.”

டாக்டருக்கு முகம் செத்துப் போயிற்று. ஒரு தனிமரத்தை வெட்டிச் சாய்க்க இருந்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குள் கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டார்கள்.

ஹால் வாசலில் வக்கீல் நின்றிருந்தார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. கிழவர் பேச்சை இன்று எடுக்கவே வேண்டாம் என்று காதோடு சொல்லிவிட நினைத்து, டாக்டர் வேகமாகப் போய் உரிமையோடு அவர் தோளில் கை வைக்கப் போனார்.

வக்கீல் பதறிப்போய்ப் பின்வாங்கினார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகவே சொன்னார்:

“குளிச்சுப் பூஜை பண்ணிட்டு வந்திருக்கேன் டாக்டர். தொடறது பிடிக்கிறது எல்லாம் சாயந்தரமா வச்சுக்குவோம். தினமும் உங்களோட ஆடி முடிச்ச பிறகுதானே நான் வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கிறது.”