கராகல்லாவின் தம்பி

"இதென்னங்க, காசுல பாதி தேஞ்சு போயிருக்குது?" என்றார் சுப்புராயன்.

மகனுக்குப் பெண்ணைப் பார்த்தாயிற்று, பிடித்தும் விட்டது. குடும்பம் எப்படி என்று தெரிந்துகொண்டு சம்மதம் சொல்லிவிடலாம் என்றுதான் திட்டக்குடியிலிருந்து வந்திருந்தார். பெண்ணின் அப்பா இராஜமாணிக்கமோ தன் பீங்கான் கம்பெனி ஆபீஸில் உட்காரவைத்து, பழைய ரோமானியக் காசு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். காசு சேர்க்கும் ஆசாமிகளிடம் மாட்டினால் லேசில் தப்ப முடியாது.

"தேயலீங்க, சுரண்டினது. ரோமாபுரி ஆட்சியில துருக்கிப் பக்கம் ஏதோ ஒரு ஊருல அடிச்ச காசு. இந்த மூஞ்சி கராகல்லா, ராஜா. எதிர்ல இருந்தது அவன் தம்பி கெட்டா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆண்டாங்க."

"அப்புறம்?"

"தம்பியப் பெத்தவ மடியிலயே வெட்டிப் போட்டுட்டாங்க, இவன் சொல்லித்தான். பேரு, சிலை எதுவும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு வேற. காசுல இருந்த மூஞ்சியக்கூட விடலை."

"அடப்பாவி."

"கூடப் பொறந்தவனை அழிச்சிட்டு என்னத்த ஆளுறது, சொல்லுங்க?" இராஜமாணிக்கத்தின் குரல் தழுதழுத்தது.

சுப்புராயனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"எங்களுக்கு நகைநட்டு முக்கியமில்லீங்க. என் பொண்ணைக் குடுத்த எடத்துல அண்ணன் தம்பி சண்டை. நடுவுல மாட்டிக்கிட்டு அது படுற பாடு எனக்குத்தான் தெரியும். பையனுக்காவது ஒத்துமையான வூடா அமையணும். உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க?"

"ஒரே தம்பிங்க, கருவேப்பிலங்குறிச்சியில இருக்கான். அவன்னா எனக்கு உசுரு."

"அது போதுங்க. தேதி பார்த்துடலாம்."

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வெற்றிவேல் கப்பும் கையுமாக உள்ளே வந்தார். கம்பெனிக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். திறப்பு விழா போட்டோவை ஒட்டிய கப்புகள் சூளைக்குப் போகக் காத்திருந்தன. ஒருமுறை சூளைக்குள் போய் வந்துவிட்டால் படத்தை அப்புறம் அழிக்க முடியாது.

"ஐயா, நீங்க சொன்னபடி எல்லா கப்புலயும் உங்க தம்பி மூஞ்சிய பிளேடால சுரண்டியாச்சுங்க. உங்க தோள் மேல போட்டிருக்கிற அவரு கை மட்டும் அப்படியே இருக்குது. அதையும் எடுத்துடவாங்க?"