இடது தோளருகே

குற்றாலத்தில் ஒரு விடுதி அரங்கு. கண் நரம்பை அரிக்கும் கிளாக்கோமா நோய் பற்றிக் கண் மருத்துவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. விளக்குகளை அணைத்திருக்கிறார்கள், திரை இழுத்த ஜன்னலுக்கு அப்பால் சாரல் தூறும் சத்தம் மட்டும் கேட்கிறது. புளியங்குடி எலுமிச்சை வியாபாரி சங்கிலிப்பாண்டி, கருவியில் மோவாயைப் பதித்து அசையாமல் இருக்கிறார். டாக்டர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவருடைய கண் நரம்பைப் பார்க்கிறார்கள். வாசிக்கிற கண்ணாடி கேட்டு டாக்டர் ரூபியிடம் போனவர் அவர். கண்ணில் அழுத்தம் சரியாக இருந்தும், போன வருடம் இதே வகுப்பில் கற்றதை நினைத்து நரம்பையும் பார்த்தார் ரூபி. இடது கண்ணின் ஓரப்பார்வை அதற்குள் போயிருந்தது. மிச்சத்தைச் சொட்டு மருந்து காக்கிறது. “கண்ணு கூசுதா அண்ணாச்சி?” என்கிறார் குனிந்திருக்கும் டாக்டர். “கூசத்தான் செய்யுது. நீங்க நல்லாப் பாருங்க சார்.” விளக்கு எரிகிறது. மஞ்சள் பையிலிருந்து ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுகிறார். இருப்பதில் பெரிய பழம் மட்டும் கையிலேயே இருக்கிறது. வாசல்வரை தேடிவிட்டு, “ரூபி டாக்டரம்மா போயிட்டாவளா?” என்கிறார். அவருடைய இடது தோளை ஒட்டித்தான் ரூபி நிற்கிறார். “இங்கனதான் நிக்கேன் அண்ணாச்சி,” என்று இரண்டடி நகர்ந்து, அவர் பார்வை எட்டும் இடத்துக்கு வந்து, இரு கைகளையும் நீட்டுகிறார்.