எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைவு

“எல்லாரும் இறங்கிட்டாங்கம்மா. நீயும் இறங்கு.”

ப்ளாங்கா அசையவில்லை. பதினேழாம் இருக்கையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வியன்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ போய்ச் சுத்திட்டு வா ராடிம். நான் இங்கேயே இருக்கேன்.”

ராடிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிவதற்கு முன்னால் செக் நாட்டு ஸ்லீன் நகரிலிருந்து கிளம்பிய மலிவு விலைச் சுற்றுலா பஸ். கால் நீட்ட இடமில்லை. கழிப்பறைக்குப் பூட்டு. முன்சீட்டுக்காரர் ஐந்து மணிக்கே பொரித்த இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்துவிட்டார். இத்தனையும் பட்டு வந்து சேர்ந்தால், கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்க ஆறு மணி நேரம்.

எழுபத்துநான்கு வயது அம்மா வருஷம் தவறாமல் டிசம்பரில் இந்த பஸ்ஸில் வருகிறாள். வந்தவள் பஸ்ஸை விட்டு இறங்குவதே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி போன மாதம்தான் போட்டு உடைத்தாள். அதனால்தான் இந்த முறை அவனும் கூட வந்தான்.

“ரயில்ல போகலாம், ரெண்டு நாள் தங்கலாம், நம்ம இஷ்டத்துக்குச் சுத்தலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஸ்டேஷன் பக்கத்துல ரூம் கூடப் பார்த்து வெச்சேன். கேட்டியா?”

“ரயில்ல ஆளை எண்ண மாட்டாங்களே.”

“நாம என்ன ஆட்டு மந்தையா, எண்ணி ஏத்தறதுக்கு?”

“பஸ்ஸுன்னா எண்ணுவாங்க. ஒரு ஆள் குறைஞ்சாலும் தெரிஞ்சிடும்” என்றாள், அதுவே போதுமான பதில் என்பது போல.

வழிகாட்டிப் பெண் தாஷா படியில் நின்று எட்டிப் பார்த்தாள். “சரியா நாலரைக்குக் கிளம்பணும் சார். டிரைவர் இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம்னு சட்டம் இருக்கு. பத்து நிமிஷத்துக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது.”

அவள் போனதும் ராடிம் குரலைத் தாழ்த்தினான்.

“அப்பாவுக்காகத்தானே காத்திருக்கே?”

ப்ளாங்கா ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்று டிசம்பரில் தொழிற்சங்கம் இதே ஊருக்கு ஒரு பஸ் விட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி, எல்லை முள்வேலிக்கு அந்தப் பக்கம் போக அனுமதி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். கணவனும் மனைவியும் போகலாம், பிள்ளை பிணையாக வீட்டில் இருக்க வேண்டும். நான்கு வயது ராடிம் அத்தை வீட்டில் இருந்தான். போனவர்கள் இரண்டு பேர், திரும்பி வந்தது அம்மா மட்டும். ‘ஓடிப்போனவன் மகன்’ என்ற பட்டம் பள்ளிக்கூடம் முழுக்க அவன் பின்னாலேயே வந்தது.

“நாலு வயசுப் பிள்ளையை விட்டுட்டு ஓடின மனுஷன். எல்லை திறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இந்த ஊர்லயே செத்தும் போயாச்சு. அவருக்காக வருஷா வருஷம் வந்து தவம் கிடக்கறியே, உனக்கு வெட்கமா இல்லை?”

“அவரை அப்படிச் சொல்லாதே.”

“ஓடுகாலியை வேற எப்படிச் சொல்றதாம்?”

ப்ளாங்கா ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். ராடிம் விருட்டென்று எழுந்தான்.

“நான் இந்த பஸ்ஸுல வரலை. ரயில்ல வந்துக்கறேன். நீ உன் எண்ணிக்கையோட போய்ச் சேரு.”

பகலெல்லாம் கால் போன போக்கில் நடந்தான். சந்தை விளக்குகளும் சுடச்சுடத் திராட்சை மதுவும் யாருக்கோ. நாலரை மணிக்கு ஒரு காபிக்கடையில், ஆறிப்போன கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். போகட்டும், ஒரு தடவை தனியாகப் போனால்தான் புத்தி வரும். பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தக் கல் ஐந்து நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எழுந்து ஓடினான்.

நல்லவேளை, பஸ் நின்றுகொண்டிருந்தது. தாஷா வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“நாற்பத்தி நாலு பேர் இருக்கணும், நாற்பத்தி ரெண்டுதான் வருது! உங்களைக் காணோம்னதும் உங்கம்மா இறங்கிப் போயிட்டாங்க சார். தடுத்தேன், கேட்கலை.”

பதினேழாம் இருக்கையில் அம்மாவின் கோட்டு மட்டும் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஓடினான். இருட்டிவிட்டது, பனி தூறியது. முதல் தெருவில் அவள் இல்லை. இரண்டாவது தெருமுனையில், டிராம் நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவர்களுக்குப் புரியாத தன் மொழியில் “என் பிள்ளையைப் பார்த்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா!”

அவன் கையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். ராடிமுக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டை அவள் தோளில் போர்த்தினான்.

“இந்தக் குளிர்ல கோட்டு கூட இல்லாம யாராவது இறங்குவாங்களா?”

“உங்கப்பா இறங்கினார்டா” என்றாள் ப்ளாங்கா. “இந்த ஊர்லயே தங்கிடலாம்னு அன்னைக்கு ஓடினது நான். ரெண்டு தெரு தாண்டினதும் உன் முகம் ஞாபகம் வந்து திரும்பி வந்துட்டேன். வந்து பார்த்தா அவர் இல்லை, அவர் கோட்டு மட்டும் சீட்ல கிடக்குது. என்னைத் தேடித்தான் போயிருக்கார்னு புரிஞ்சுது. ஒரு ஆள் குறையுதே, உன் வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டாங்க. நிஜத்தைச் சொன்னா எனக்கு ஜெயில், உன்னையும் பிடுங்கிக்குவாங்க. ஓடிட்டார்னு சொன்னேன். அதுக்கப்புறம் வந்தா அவருக்கு ஜெயில், ஊர்ப்பக்கம் வரவே முடியலை.”

மூச்சு வாங்கியது அவளுக்கு.

“ஓடறவர் கோட்டை விட்டுட்டா போவார்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு, பஸ் கிளம்பற வரைக்கும் அந்தக் கோட்டை என் மடியில மறைச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்டா.”