ஒரே ஒரு பரிசு

“ரெண்டு வாத்து... இருபத்திரண்டு!”

ஜெரூஷா மைக்கில் எண்ணை இப்படி வேடிக்கையாகக் கூவியதற்கு ஹாலில் ஒரு சிரிப்புகூட எழவில்லை. முதியோர் இல்லத்துப் பெரியவர்கள் குனிந்த தலை நிமிராமல் கையிலிருந்த ஹவுசி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்வரிசையில் ஜெயவேலு சார் கொட்டாவியை விழுங்கினார். மதிப்பெண் போட வந்த பேராசிரியர். பொழுதுபோக்கு மேலாண்மை என்று யூனிவர்சிட்டியில் ஒரு பட்டப்படிப்பு இருப்பதும், நாலு பேரைக் கூட்டி வைத்து சந்தோஷமாக விளையாட வைப்பதுதான் அதன் பிராக்டிகல் என்பதும் தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெரூஷாவின் அப்பா ஏசுதாசனுக்குத் தெரியும். அதுதான் வீட்டில் பிரச்சினையே.

“பொழுதைப் போக்க எதுக்குடி டிகிரி? இந்தப் பிராக்டிகல் ஊத்திக்கிச்சுன்னா பேசாம பி.காம் சேர்ந்துடு” என்று காலையில் தோசையை விண்டுகொண்டே சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்துவிடுவார்.

அதனால் பாடத்தில் படித்ததை அவள் இம்மி பிசகாமல் செய்தாள். ஆடுபவர்கள் எதற்கு ஏங்குகிறார்களோ, அதையே பரிசாக வைக்க வேண்டும் என்பது பாடம். போன வாரமே இந்தச் செம்பாக்கம் இல்லத்துக்கு வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள். புடவை வேண்டாம், ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், பிள்ளை முகத்தைப் பார்த்தால் போதும் என்றார்கள். அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் அவள் அதை அறிவித்தபோது குரலில் அத்தனை பெருமை. “ஒரே ஒரு பரிசுதான்! ஹவுஸ் அடிக்கிறவங்க பிள்ளைக்கு உடனே வீடியோ கால். இந்தப் பெரிய டிவியில தெரியும். நாம எல்லாரும் சேர்ந்து ஹாய் சொல்லப்போறோம்!”

கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

“எம்புள்ளைக்கா? அவன் தெனிக்கும் போன் போட்டு பேஜார் பண்ணிகினு கீறான்மா” என்றாள் முன்வரிசைச் செல்வமேரி.

“எம்பையன் மட்டும் என்னவாம்? மேடவாக்கத்துலதான் இருக்கான். ராத்திரி என்கிட்ட பேசாம படுக்கமாட்டான்” என்றார் பக்கத்திலிருந்த ரத்தினபாய் டீச்சர்.

“அப்போ எல்லாரும் போனை சைலண்ட்ல போட்டுடுங்க, ப்ளீஸ்.”

யாரும் போடவில்லை. சத்தத்தைக் கூட்டி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டம் நெடுக அடித்துக்கொண்டிருந்தது ஜெயவேலு சாரின் போன் மட்டும்தான்.

சீட்டில் பதினைந்து எண்கள்; கூவுகிற எண் அதில் இருந்தால் பென்சிலால் அடிக்க வேண்டும். பதினைந்தையும் முதலில் அடித்து முடித்தவர் ‘ஹவுஸ்’ என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். வழக்கமாகப் பையில் எண் எழுதிய காய்கள் மிச்சமிருக்கும்போதே யாராவது கத்திவிடுவார்கள். இங்கே பை இளைத்துக்கொண்டே வந்தது, ஒரு சத்தமும் இல்லை.

“யாருக்காவது ஆச்சா? காது கேக்குதுல்ல?” ஜெரூஷாவுக்கு வியர்த்தது. மைக்கை இன்னும் கூட்டி வைத்தாள்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற லாசரஸ் கையைத் தூக்கினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பென்சில் மொட்டையாயிடுச்சும்மா. வேற இருந்தா குடு.”

வேறு பென்சில் கொடுத்துவிட்டு அவள் கூவிக்கொண்டே போனாள். கடைசியில் பையைக் கவிழ்த்து உதறினாள். தொண்ணூறு எண்ணும் முடிந்துவிட்டது. ஹால் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஜெயவேலு சார் எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். “இவங்களுக்குக் கேமே புரியலைம்மா. ஆளுங்களைத் தெரிஞ்சுக்காம புரோகிராம் போட்டா இப்படித்தான். என்னால மார்க் போட முடியாது, சாரி.” மறுபடியும் போன் அடிக்க, வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஜெரூஷாவுக்கு அழுகை முட்டியது. அப்பாவின் முகம் கண்முன் வந்துபோனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரிசை வரிசையாகச் சீட்டுகளை வாங்க ஆரம்பித்தாள்.

லாசரஸின் சீட்டைப் பார்த்தாள். பதினைந்து எண்ணும் ஸ்கேல் வைத்ததுபோல் அடிக்கப்பட்டிருந்தன. செல்வமேரியின் சீட்டிலும் ஒன்று பாக்கியில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று அவசரமாகப் புரட்டினாள். எதிலும் ஒரு எண்கூட விட்டுப்போகவில்லை.

“எல்லாருமே அடிச்சிருக்கீங்களே! ஒருத்தர்கூட ஏன் வாயைத் திறக்கல? என் படிப்பே போச்சே!”

செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டாள். லாசரஸ் புதுப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல்.

ரத்தினபாய் டீச்சர்தான் ஜெரூஷாவின் கையைப் பிடித்து அருகில் இழுத்தார். அவர் கண் அந்தப் பெரிய டிவியின் மேலேயே இருந்தது.

“எங்க மேல கோவப்படாதே கண்ணு. இத்தனை பேர் எதிர்ல போன் போட்டு... அவன் எடுக்கலைன்னா?”