புது ரோட்டுப் பந்தல்

யார், என்ன பேசுகிறார்கள் என்று வெளியே தெரியாமல் இணையத்தில் பேச வழிவிடும் பெட்டி ஒன்றைத் தன் சாத்தூர் வீட்டில், தண்ணீர்ப்பந்தல் வைப்பதுபோல் இலவசமாக நடத்திவந்தார் தெய்வசிகாமணி. ஒரு வருஷமாக அதில் ஈ, காக்கை நுழையவில்லை.

"எவ்வளவு அமைதியா ஓடுது பாரு" என்றார் பெருமையாக.

"இப்ப வர்ற ஃபோனெல்லாம் இணையத்துல புது மாதிரி முகவரியிலதான் பேசுது. உங்க பெட்டிக்குப் பழசு மட்டும்தான் தெரியும்" என்றாள் மனைவி கோமளவல்லி. "பைபாஸ் போட்டப்புறம் பழைய ரோட்டுல பந்தல் வச்சா எவன் வருவான்?"

"ஓடுற பெட்டியை எதுக்கு நோண்டணும்?"

முணுமுணுத்துக்கொண்டே புது முகவரியையும் சேர்த்தார். காபி ஆறுவதற்குள் பெட்டியின் விளக்குகள் மினுமினுக்கத் தொடங்கின. யார் வருகிறார்கள் என்று கேட்பது பந்தல் வைத்தவனுக்கு அழகில்லை.

அப்போது கோமளவல்லியின் ஃபோன் அடித்தது. மகள் செண்பகா. அவள் தங்கியிருக்கும் கம்பெனி விடுதியில் எல்லா ஃபோன் பேச்சையும் கம்பெனி ஒட்டுக்கேட்கும். அதனால் வாராவாரம் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்பதோடு சரி.

"ஒரு வருஷமாத் தட்டிப் பாக்கறேம்மா. இன்னைக்குத்தான் அப்பா பெட்டி திறந்துச்சு. நான் பேசறது வேற யாருக்கும் கேக்காதுல்ல?"

"கேக்காது தாயி. சொல்லு."

"நான் நல்லா இல்லம்மா."